ஒரு சாண் போதும்

"குறைங்க. இன்னும் குறைங்க லா."

மடிக்கணினித் திரையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, உணவகக்காரர் கபீர் பாயின் மனைவி ஹபீபா சொன்னார்.

லோஷினி கடைச் சின்னங்கள் வடிவமைப்பவள். சிங்கப்பூர் விளம்பர நிறுவன வேலையை விட்டு, தன் ஊரான கூலாயில் சொந்தமாகத் தொழில் தொடங்கி மூன்று மாதம். முதல் பெரிய வேலை இதுதான். இது கைநழுவினால், விடியற்காலை நாலரை மணிக்குச் சிங்கப்பூருக்குப் பாலம் தாண்டும் பஸ்ஸில் மறுபடியும் தூங்கி வழிய வேண்டியதுதான்.

கபீர் பாய் உணவகம் என்றால் தே தாரிக். மேல் குவளையிலிருந்து கீழ்க் குவளைக்கு, மூன்றடி உயரத்தில் பாய் தேநீரை இழுத்து ஆற்றுவதைப் பார்ப்பதற்கென்றே நெடுஞ்சாலையிலிருந்து வண்டிகள் இறங்கும். மகன் சயீத் அனுப்பிய பழைய படத்தை வைத்து, அந்த இழுவையையே லோஷினி கடைச் சின்னமாக்கியிருந்தாள். இரண்டு குவளை, நடுவே ஒரு தேநீர்க் கோடு, மேலே கொஞ்சம் ஆவி. இடத்துக்கு ஏற்றபடி கோடு நீளும், சுருங்கும். வாசல் போர்டில் அசல் அளவாக மூன்றடி. காகிதக் கோப்பையில் விரல் நீளம். கைப்பேசியில் ஒரு சொட்டு.

"ஆண்ட்டி, நீளம்தான் இதுல அழகே! ஸ்கூல் விட்டு வரப்ப நானே வாயப் பொளந்துக்கிட்டு நின்னு பார்த்திருக்கேன்."

"பார்த்திருப்பீங்க. போர்டுல ஒரு சாண் போதும்."

"கோப்பையில?"

"எல்லாத்துலயும் அப்படித்தான். குவளைக்குப் பக்கத்துலயே குவளை."

"அப்புறம் நீளவும் வேணாம், சுருங்கவும் வேணாம். ரப்பர் ஸ்டாம்ப் ஒண்ணு செஞ்சிருந்தா போதுமே. என்னை எதுக்குக் கூப்பிட்டீங்க?"

"கோவம் வருதோ? வரட்டும். மேல ஆவி வரைஞ்சிருக்கீங்கல்ல, அதை எம்புட்டு வேணா நீட்டுங்க. தேத்தண்ணிய மட்டும் நீட்டாதீங்க."

"பாய்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு…"

"அவரு வரதுக்குள்ள முடிக்கணும்." ஹபீபாவின் கண் வாசலுக்குப் போய் வந்தது.

லோஷினி நிமிர்ந்து சுவரைப் பார்த்தாள். குவளையைத் தலைக்கு மேல் தூக்கியபடி பாய் நிற்கும் பழைய புகைப்படம் முன்பு மாட்டியிருந்த இடத்தில், இப்போது ஒரு வெளுத்த சதுரம் மட்டும் இருந்தது. கடையை உருவாக்கியவரின் பெயரையே கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டி எடுக்கிறாரோ இந்த அம்மா?

பல்லைக் கடித்துக்கொண்டு கோட்டைக் குறுக்கினாள். ஆவியை நீட்டினாள். உயரமான போர்டில் ஆவி நெளிந்து மேலேறியது. கோப்பையைச் சுற்றி வளைந்தது. கைப்பேசியில் ஒரு சுழி. சும்மா சொல்லக்கூடாது, நன்றாகத்தான் இருந்தது.

"இதான். அச்சடிக்கக் குடுங்க," என்றார் ஹபீபா.

வேலை தப்பித்தது. ஆனாலும் ஒரு திருட்டுக்குத் துணை போனதுபோல் லோஷினிக்கு உறுத்தியது.

"என்ன, நம்ம புது போர்டா?"

கபீர் பாய் மெல்ல உள்ளே வந்தார். திரையைக் குனிந்து பார்த்தார். முகம் மலர்ந்தது.

"அலமாக்! ஆவி போர்டைத் தாண்டிப் போயிடும் போலிருக்கே! இருங்க தங்கச்சி, உங்களுக்கு நானே ஒரு தே ஆத்துறேன்."

தேநீர் மேடைக்குப் போய் இரண்டு குவளைகளையும் எடுத்தார். லோஷினியின் பார்வை பழைய பழக்கத்தில் அவர் தலைக்கு மேலே போய்க் காத்திருந்தது.

வலது கை நெஞ்சுவரை எழுந்தது. நடுங்கியது. அதற்கு மேல் போகவில்லை. தேநீர் சரியாக ஒரு சாண் தூரம் இறங்கியது.

ஹபீபா அவள் காதருகே குனிந்தார்.

"ஆறு மாசம் படுக்கையில கிடந்துட்டு இன்னைக்குத்தான் மேடைக்கு வராரு. போர்டுல மூணடி தொங்கினா, வரவங்க எல்லாம் இவர்கிட்ட மூணடி கேப்பாங்கம்மா."