நாலாம் பக்கம்

சட்டசபையில் பதினோராம் கேள்விக்கு வேளாண் அமைச்சர் ஆற அமரப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். அவளுடைய கேள்வி பன்னிரண்டாவது.

கேள்வி நேரம் முடிய இன்னும் ஒன்பது நிமிடம். மணி அடித்துவிட்டால் அவ்வளவுதான். எழுந்து நின்று துணைக் கேள்வி கேட்கிற உரிமை அன்றைக்குப் போயே போச்சு.

அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. செருப்பைக் கழற்றினாள், மாட்டினாள். கோப்பைத் திறந்தாள், மூடினாள். பக்கத்து இருக்கைப் பெரியவர் ஆறு முறை ஜெயித்தவர். அவையில் தூங்குவதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஒரு கண்ணைத் திறந்து அவளைப் பார்த்துவிட்டு மறுபடி மூடிக்கொண்டார்.

விஷயம் இதுதான். அவள் தொகுதியில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு. மூன்று மாடிக்கு அஸ்திவாரம் போட்டுவிட்டு, பிறகு ஆசை விடாமல் மேலே இரண்டு மாடி ஏற்றினார்கள். நாற்பத்தெட்டுக் குடும்பம். கீழ்த்தளத் தூணில் விரல் நுழைகிற அளவுக்கு விரிசல்.

கட்டடம் ஆபத்தானது, பக்கத்தில் நிறுத்த முடியாது என்று நாலு மாதமாகத் தண்ணீர் லாரி வருவதில்லை. குப்பை வண்டியும் தெருமுனையோடு திரும்பிவிடுகிறது. ஆபத்து என்றால் ஜனங்களுக்கு மாற்று வீடு கொடுங்களய்யா என்று கேட்டால், கட்டடம் உறுதியாக இருக்கிறது, சான்றிதழ் இருக்கிறது என்கிறது இன்னொரு துறை. லாரிக்கு ஆபத்தாம், மனுஷனுக்கு இல்லையாம். என்ன நியாயமோ!

இன்று காலை மூன்றாம் மாடித் தையல்காரி போன் செய்தாள்.

"அக்கா, விடியக்காலையிலேருந்து கதவு சாத்த மாட்டேங்குது. நிலை கோணிக்கிச்சு. புள்ளைங்கள வீட்டுல விட்டுட்டுப் போகவே பயமா இருக்கு."

இவள் தனக்குத் தெரிந்த மேஸ்திரியைக் கூப்பிட்டுக் கேட்டாள். நிலை கோணினால் சுவர் இறங்குகிறது என்று அர்த்தம் என்றார். எத்தனை நாள் தாங்கும் என்றதற்கு, முதலில் ஜனங்களை வெளியே கொண்டுவரப் பாருங்கள் என்றார்.

வீட்டு வசதி அமைச்சரின் எழுத்துப் பதில் வழக்கம்போல் காலையில்தான் கைக்கு வந்தது. மூன்று பக்கம் வழவழா கொழகொழா. நாலாம் பக்கத்தில்தான் சங்கதி. அது ஒரு பழைய கடிதத்தின் நகல். எந்த எழுத்தரோ கோப்பில் இருந்ததையெல்லாம் பார்க்காமல் சேர்த்துப் பின் அடித்திருந்தார்.

மேல் மாடிகளுக்கு அனுமதி கொடுத்தபோது எந்தப் பொறியாளரும் அங்கே எட்டிப் பார்க்கவில்லை. 'நேரில் பார்த்தேன், கட்டடம் உறுதியாக உள்ளது' என்று ஒருவர் எழுதிக் கொடுத்த கடிதம் அது. அதை நம்பியே சான்றிதழில் முத்திரை குத்திவிட்டார்கள். அந்தக் கடிதம் பொய் என்று அவையில் பதிவானால் சான்றிதழ் செல்லாது. செல்லாவிட்டால் அரசாங்கம் மாற்று வீடு கொடுத்தே ஆக வேண்டும்.

காரில் வரும்போது அவள் கணவரும் அதைப் படித்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் துடைத்து மாட்டினார். அடுத்த கூட்டத்தொடரில் கேட்டுக்கொள்ளலாமே என்று மட்டும் சொன்னார்.

தேர்தலுக்கு எட்டே மாதம்.

அவைக் காவலர் ஒரு துண்டுச் சீட்டைக் கொண்டுவந்து நீட்டினார். எதிர்வரிசையிலிருந்து அமைச்சர் அனுப்பியது. 'நாலாம் பக்கம் பார்த்தீர்களா? விட்டுவிடுவோமே. எல்லோருக்கும் நல்லது.'

நிமிர்ந்தாள். அமைச்சர் பரிவாகத் தலையாட்டினார். அந்தப் பரிவைப் பார்த்ததும் அவளுக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது.

அவைத் தலைவர் பன்னிரண்டாம் எண்ணை அழைத்தார். பதில் அவை முன் வைக்கப்பட்டிருக்கிறது என்று அமைச்சர் ஒரே வரியில் முடித்துக்கொண்டார். துணைக் கேள்வி உண்டா என்று கேட்ட தலைவரின் கண் கடிகாரத்தில் இருந்தது. இரண்டு நிமிடம்.

இல்லை என்று சொன்னால் யாரும் ஒன்றும் நினைக்கப் போவதில்லை.

அவள் எழுந்தாள். நாலாம் பக்கக் கடிதத்தை அமைச்சர் வாய்விட்டுப் படிக்க வேண்டும், கையெழுத்துப் போட்டவர் பெயரோடு படிக்க வேண்டும் என்று கேட்டாள்.

அமைச்சர் தயங்கினார். படிக்கத்தான் வேண்டுமா என்பதுபோல் அவளைப் பார்த்தார். அவள் உட்காராமல் நின்றாள். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு முதல் வரியிலிருந்து கடைசிப் பெயர் வரை படித்தார்.

பெரியவருக்கு இரண்டு கண்ணும் திறந்துகொண்டன.

"என்னம்மா, உன் பேரப் படிக்கிறான்?"

பத்தொன்பது வருஷத்துக்கு முன்பு அந்த வட்டத்துக்கு அவள்தான் கவுன்சிலர். காலையில் டீயோடு உட்கார்ந்து வெற்றுக் கடிதத்தாள்களில் கத்தை கத்தையாகக் கையெழுத்துப் போட்டு உதவியாளரிடம் கொடுத்துவிடுவாள். பள்ளிக்கூடத்தில் இடம், குழாய் இணைப்பு, யாருக்கு எது வேண்டுமோ அதை உதவியாளரே நிரப்பிக் கொடுப்பார். அந்தக் கடிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று அவள் படித்ததே இன்று காலையில்தான்.

அவள் மைக்கைத் தன் பக்கம் இழுத்தாள்.

"அந்தக் கட்டடத்த நான் நேர்ல பாக்கவே இல்லைங்க. அந்தக் கடிதம் பொய். சான்றிதழ் செல்லாது. இப்பச் சொல்லுங்க, நாப்பத்தெட்டுக் குடும்பத்துக்கும் வீடு என்னைக்கு?"