தேக்கிலையோட பின்பக்கம்

இலையோட ரெண்டு பக்கத்தையும் ஒரே மூச்சுல படிச்சு முடிச்சிட்டு, "சரி, அப்புறம்?"னு அணிலைக் கேட்டுச்சு காக்கா. அப்புறம்னு ஒண்ணும் கிடையாது. ஜோக்கே அவ்வளவுதான்.

இதையே தவளை டமாரம் குளத்துப் படியில நின்னு சொன்னா, மீனெல்லாம் கரைக்கு வந்து சிரிக்கும். ஆனா கோடை முழுக்க அவர் மண்ணுக்குள்ள தூங்கப் போயிட்டாரு. அவர் எழுந்து வர்ற வரைக்கும் எல்லாரும் சிரிக்கணுமேன்னு அணில்தான் அவரோட ஜோக்கையெல்லாம் தேக்கிலையில எழுதுச்சு. "யாரும் சிரிக்கலேன்னா கிழிச்சுப் போட்டுரு தாயி, என் மானமே போயிடும்"னு சொல்லியிருந்தாரு டமாரம்.

கிழிக்கறதுக்கு முன்னாடி, கடைசியா ஆமையண்ணன்கிட்ட குடுத்துச்சு. அவர் எழுத்துக்கூட்டிப் படிச்சாரு.

"பாம்பு என்னை முழுங்கிடுச்சு. உள்ள ஒரே இருட்டு. யாராச்சும் இருக்கீங்களான்னு கேட்டேன்."

இடம் பத்தாம கடைசி வரியைப் பின்பக்கம் எழுதியிருந்துச்சு அணில். ஆமையண்ணன் இலையைத் திருப்பினாரு, திருப்பினாரு, திருப்பிக்கிட்டே இருந்தாரு. கடைசி வரியைச் சொல்றதுக்கு முன்னாடி டமாரம் தொண்டையை உப்ப வச்சுக்கிட்டு சும்மா நிப்பாரே, அதே அளவு நேரம்.

"இங்கயாச்சும் நிம்மதியா இருக்கலாம்னு பாத்தா, நீங்களுமா மாப்ளேன்னு மாமியார் குரல்."

சிரிச்ச சிரிப்புல ஆமையண்ணன் மல்லாந்துட்டாரு. அவரை நிமித்தி விடக்கூட தோணாம, அணில் அடுத்த ஜோக்கோட கடைசி வரியையும் பின்பக்கத்துக்கு மாத்தி எழுத உக்காந்துடுச்சு.

பக்கத்தைத் திருப்பும்போதே சிரிப்பு முட்டிக்கிட்டு வர்றது, உங்களுக்கும் நடந்திருக்கா?