வீட்டார் பட்டியல்

சுபாஷிணியின் வீட்டில் சுவிட்சுகளே கிடையாது. ஆளை அறிந்து விளக்கு எரியும், மின்விசிறி சுழலும்.

அன்று காய்ச்சல் என்று அலுவலகத்துக்கு விடுப்பு போட்டிருந்தாள். மதியம் தண்ணீர் குடிக்க எழுந்து வந்தபோது, ஜன்னலில்லாத சமையலறை இருட்டாக இருந்தது. வீட்டு வேலைக்கு வரும் எஸ்தர், கைபேசி வெளிச்சத்தில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். ரவிக்கை வியர்வையில் தொப்பலாக நனைந்திருந்தது.

சுபாஷிணி உள்ளே கால் வைத்ததும் விளக்கு எரிந்தது, மின்விசிறி ஓடியது.

"நீங்க வந்தாதாம்மா எரியும். எனக்கு எரியாது" என்றாள் எஸ்தர், கண்ணைச் சுருக்கிக்கொண்டு.

"எத்தனை நாளாக்கா இப்படி?"

"வேலைக்குச் சேர்ந்ததுலேர்ந்து."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!"

"நீங்கதான் அப்படி வெச்சிருக்கீங்கன்னு நெனச்சேம்மா."

சுபாஷிணி சுவர்த் திரையில் வீட்டார் பட்டியலைத் திறந்தாள். அவள், கணவன், மகள், நாய் என்று நான்கு பெயர்கள் இருந்தன. ஐந்தாவதாக எஸ்தரின் பெயரையும் முகத்தையும் சேர்த்துவிட்டு, சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்கக் கூடத்துக்குப் போய் நின்றாள்.

சமையலறை விளக்கு அணையவில்லை. ஆனால் பாத்திரச் சத்தம் நின்றிருந்தது. சுபாஷிணி எட்டிப் பார்த்தாள். எஸ்தர் ஈரக் கைகளோடு மின்விசிறிக்குக் கீழே நின்று, முகத்தை மேலே தூக்கிக் கண்களை மூடியிருந்தாள்.