அசையாத தண்ணீர்

தென்காசியில் சாரல் விழுகிறது. வார்டின் ஜன்னல் கதவு காற்றில் மெல்ல அடித்துக்கொள்கிறது. கட்டிலில் சாய்ந்திருக்கும் சிவசைலத்தின் விலாவிலிருந்து இறங்கும் குழாய், தரையிலிருக்கும் தண்ணீர்ப் பாட்டிலுக்குள் முடிகிறது. நுரையீரலைச் சுற்றிக் கட்டியிருந்த சீழ் அதன் வழியாகத்தான் வடிந்தது. நேற்றிலிருந்து ஒன்றும் வரவில்லை. அதனால் அவர் மனைவி முத்துவடிவு தட்டு, தம்ளர், போர்வை எல்லாவற்றையும் கட்டைப்பையில் அடுக்கிவிட்டாள். எல்லாவற்றுக்கும் மேலே, வீட்டுக்குப் போட்டுப் போக வேண்டிய வெள்ளைச் சட்டை. "சீழ் பூராவும் வத்திட்டுல்லா டாக்டரம்மா? மதியம் அச்சன்புதூர் பஸ்ஸப் பிடிச்சிருவோம்." டாக்டர் உமாராணி பாட்டிலருகே குனிகிறார். "அண்ணாச்சி, ஒருக்கா இருமுங்க." அவர் விலாவைப் பிடித்துக்கொண்டு இருமுகிறார். மூச்சுக்கு மூச்சு குழாயில் ஏறி இறங்க வேண்டிய தண்ணீர் அசையவில்லை. "வத்தலைம்மா. சீழ் கெட்டியாகி குழாய அடைச்சிருக்கு. ஸ்கேன்ல உள்ள சீழ் அறை அறையாப் பிரிஞ்சு நிக்கிறது தெரியுது. குழாய் வழியா மருந்து விட்டுக் கரைச்சுப் பாக்கலாம். கரையலைன்னா நாள்தான் போகும். இல்லைன்னா இப்பவே விலாவுல துளை போட்டு ஆபரேஷன்ல சுத்தம் பண்ணலாம். ஆனா மயக்க மருந்த ஒடம்பு தாங்கணும்." முத்துவடிவு கணவனைப் பார்க்கிறாள். "மடைவாயில சகதி அடைச்சுக் கிடந்தா எறங்கித்தான அள்ளுதோம்," என்கிறார் அவர், மூச்சு வாங்க. "ஆபரேஷனே பண்ணட்டும்ட்டி." அவள் தம்ளரை வெளியே எடுத்து வைக்கிறாள். சட்டையைப் பைக்கு அடியில் வைக்கிறாள். அவருக்கு மறுபடி இருமல் வருகிறது. இம்முறை அவளும் குனிந்து பாட்டிலைப் பார்க்கிறாள்.