குளிக்கப் போன நேரத்தில்

"மூணாவது தடவைப்பா! செஸ் ஐகான் இருக்கு, அழுத்தினா ஃபைலைக் காணோம்ங்குது. என்னதான் வேலை பாக்கற நீ?"

கம்ப்யூட்டர் மெக்கானிக் முகத்தில் அசடு வழிந்தது. ஆன்ட்டி வைரஸ்தான் முழுங்குகிறது என்று சொல்லி, போன தடவை அதற்கும் ஒரு வழி செய்துவிட்டுப் போனவன் அவன்.

பெரியவரின் கோபம் நியாயம்தான். மனைவி போய்ச் சேர்ந்த பிறகு அவருக்குத் துணை என்று இருந்தது அந்தக் கம்ப்யூட்டர் செஸ் ஒன்றுதான். காலையில் உட்கார்ந்தால் சாப்பாட்டுத் தட்டுகூட அறைக்குள்தான் வரவேண்டும்.

"ஆன்ட்டி வைரஸ் பாவம் சார். ஃபைல் ரீசைக்கிள் பின்ல கிடக்கு. அது தூக்கியிருந்தா இங்க வராது. யாரோ கையாலதான் டெலீட் பண்ணியிருக்காங்க. காலைல ஒன்பது மணிவாக்குல."

"நான் குளிக்கப் போற நேரம்!"

மகன் கப்பல் வேலைக்குப் போய் மாதக்கணக்காகிறது. வீட்டில் மிச்சம் இருப்பது மருமகள் மட்டும்தான். வார்த்தைக்கு வார்த்தை மாமா, மாமா என்பவள்! பெரியவருக்குச் சுர்ரென்று ஏறியது.

"ஏம்மா, இங்க வா!"

ஈரக் கையைத் துடைத்தபடி வந்தவள், திரையைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டாள்.

"நீதானா?"

"ஆமா மாமா."

"ஏன்? நான் ஒரு மூலையில கிடக்கறதுகூட உன் கண்ணை உறுத்துதா?"

"ஐயோ, அப்படியில்ல மாமா. அது இருந்தா நீங்க வெளியவே வர்றதில்ல. காணாமப் போனாத்தான் சமையலறைக்கு வந்து, 'என் செஸ்ஸைத் தொட்டியா'ன்னு சத்தம் போடறீங்க. அவர் கப்பலேறினதுலேருந்து, இந்த வீட்ல என்கிட்ட யாராவது பேசறதுன்னா அது ஒண்ணுதான்."

பெரியவருக்கு என்னவோ போலாகிவிட்டது. அவள் குரலையே இன்றுதான் சரியாகக் கேட்கிறோமோ என்று தோன்றியது.

மெக்கானிக் மெல்ல இருமினான். "பாஸ்வேர்டு போட்டுடவா சார்?"

"வேணாம். நீ கிளம்பு."

மறுநாள் குளித்து முடித்த கொஞ்ச நேரத்தில் சமையலறை வாசலில் வந்து நின்றார்.

"ஏம்மா, இன்னைக்கும் என் செஸ்ஸைக் காணோம்!"

அவள் பதறிப்போனாள். "சத்தியமா நான் தொடலை மாமா!"

"தெரியும்மா" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார் பெரியவர். "இன்னைக்கு டெலீட் பண்ணது நான்."