காசித்தும்பைப் பொட்டலம்

என் மனைவி எமல்டா கேட்டது நீலமாகப் பூக்கும் ஆகபாந்தஸ் விதை. போட்டால் மூன்றாம் வருஷம்தான் பூக்கும், அப்புறம் வருஷா வருஷம் பூக்கும். கொடைக்கானல் வீட்டு வாசலில் வரிசையாக வைக்க அவளுக்கு ஆசை. கடையிலிருந்து வந்ததோ காசித்தும்பை, நாற்பது நாளில் பூப்பது.

விதையை மாற்றி அனுப்பிவிட்டார்கள் என்று கடையோடு சண்டை போட்டேன். "வாங்குபவரின் மருத்துவப் பதிவைப் பார்த்துத்தான் விதை அனுப்புகிறோம். அவர் பூவைப் பார்க்க வேண்டும் அல்லவா?" என்று பதில் வந்தது.

அவளிடம் சொல்லவில்லை. என் பெயரில் கேட்டேன். மறுநாளே ஆகபாந்தஸ் வந்துவிட்டது. பொட்டலத்தின் மேல் என் பெயரைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது.

"ஏங்க, அந்தக் காசித்தும்பையையும் ஒரு தொட்டியில போடுங்களேன்."

"ஒண்ணும் வேண்டாம். மூணு வருஷம் கழிச்சுப் பாரு, வாசலே நீலமா இருக்கும்" என்று அதட்டினேன். போட்டால் கடைக்காரன் சொன்னதை நானே ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும் என்று பயம்.

ஆகபாந்தஸ் விதைத்த தொட்டிகளுக்குத் தினமும் அவள்தான் தண்ணீர் ஊற்றினாள். இரண்டு மாதம் கழித்து அவள் போன அன்று, தொட்டிகளில் புல் மாதிரி இரண்டிரண்டு இலைதான் இருந்தது.

காசித்தும்பைப் பொட்டலம் இன்னும் பிரிக்காமல் ஜன்னலில் கிடக்கிறது. அது கேட்டது நாற்பதே நாள்.