பச்சை இன்ஜின்

"டாக்டர், உங்க பாலம் ஒரு நூல் இறங்கியிருக்கு. என் வயல்ல வர்ற ரயில் உங்க ஆத்துல குதிச்சா நான் பொறுப்பில்ல!"

தையல்கடை அக்கா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு சொன்னாள். பல் டாக்டர் தன் பலகைக்கு அடியில் மல்லாந்து படுத்து, அதன் கால் போல்ட்டை ஸ்பேனரால் திருகிக்கொண்டிருந்தார்.

"இறங்கினது என் பாலமா, ஏறினது உங்க வயலா?"

"ஊருக்கெல்லாம் பல் வரிசை சரி பண்றீங்க. ஒரு பலகையை நேரா நிறுத்தத் தெரியலையே!"

கூடமே சிரித்தது. மரச்சாமான் கடையின் மாடிக் கூடம் அது. கடைக்காரரும் உறுப்பினர் என்பதால் வாடகை கிடையாது. பொம்மை ரயில் கிளப்புக்கு இன்றுதான் முதல் ஓட்டம்.

ஆளுக்கொரு பலகை. அவரவர் வீட்டில் வைத்து ஊரோ காடோ, இஷ்டப்படி செய்துகொள்ளலாம். பலகையின் உயரமும், ஓரத்தில் தண்டவாளம் முடியும் இடமும் மட்டும் எல்லோருக்கும் ஒரே அளவு. கொண்டுவந்து முட்ட வைத்தால் கூடத்தைச் சுற்றி ஒரே பாதை.

யோசனை தலைவருடையது. மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். ஆனால் எதையும் கண்ணாடிக்கு மேலாகத்தான் பார்ப்பார். அவர் கடைக் கதவில் ஒட்டிய அறிவிப்பைப் பார்த்துத்தான் எல்லோரும் வந்து சேர்ந்தார்கள்.

"பாதை சேர்ந்தாச்சு. இனி வண்டி!" என்றார் தலைவர். "சொன்ன மாதிரி ஆளுக்கு ஒண்ணு கொண்டு வந்தீங்களா? வீட்ல இருக்கறதுலயே உங்க உசுரான ஒண்ணு?"

டாக்டர் தன் பையை மார்போடு அணைத்துக்கொண்டார்.

அவர் பையில் இரண்டு டப்பாக்கள் இருந்தன. ஒன்றில் கடையில் வாங்கிய இன்ஜின். மற்றதில், திருடிய இன்ஜின்.

அடுத்தவர் பேனாவைக்கூட மறந்து சட்டையில் செருகிக்கொள்ளாத மனிதர் அவர். போன வருஷம் ஒரு பொம்மைக் கண்காட்சி. ஒரு மேஜையில் கையாலேயே செய்த ரயில். நாற்காலியில் ஆள் இல்லை. அதன் நீல இன்ஜினைக் குனிந்து ரசித்துக்கொண்டிருந்தபோது கரண்ட் போயிற்று. வெளிச்சம் திரும்பும் முன் டாக்டர் தெருவில் இருந்தார். இன்ஜின் கோட்டுப் பையில் இருந்தது. கை ஏன் அப்படிச் செய்தது என்று மனசுக்கு இன்றுவரை விளங்கவில்லை.

அதற்குப் பச்சை வண்ணம் அடித்தார். சாப்பாட்டு மேஜையில் வட்டமாகத் தண்டவாளம் போட்டு ஓட்டினார். பாவம், அது செக்கு மாடு மாதிரி சுற்றிச் சுற்றி வந்தது. ஒரு முறையாவது அதை நீளமான பாதையில் ஓடவிட்டுப் பார்க்க வேண்டும். கிளப்பில் சேர்ந்ததே அதற்காகத்தான். ஆனால் யாராவது அடையாளம் கண்டுவிட்டால்? கிளினிக் வாசலில் ஈ, காக்கை எட்டிப் பார்க்காது.

"என்ன டாக்டர், டப்பாவைத் திறக்கவே பல் பிடுங்க வந்தவர் மாதிரி நடுங்கறீங்க?" என்றாள் அக்கா.

ஆனது ஆகட்டும் என்று இரண்டாவது டப்பாவையே திறந்தார்.

"அடேயப்பா!" என்று வாயைப் பிளந்தார் டியூஷன் வாத்தியார். "எங்கே சார் வாங்கினீங்க?"

"வெளியூர்ல... ஒரு நண்பர் கொடுத்தது."

தலைவர் கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்த்தார். "அருமை" என்றார். அவ்வளவுதான். டாக்டருக்குப் போன மூச்சு திரும்பி வந்தது.

"இன்ஜின் தனியா ஓடினா நல்லாவா இருக்கும்? என் பெட்டியை மாட்டுங்க." அக்கா ஒரு சிவப்புப் பெட்டியை நீட்டினாள்.

"சேராதுங்க. இதோட கொக்கி வேற தினுசு. வீட்ல இருக்கற அத்தனை பெட்டியையும் மாட்டிப் பார்த்துட்டேன்."

"இதையும் பாருங்களேன். தேஞ்சா போயிடும்?"

க்ளிக்.

டாக்டர் திகைத்துப்போய் அக்காவைப் பார்த்தார். அக்கா ஜன்னலைப் பார்த்தாள்.

வாத்தியார் மஞ்சள் பெட்டியைக் கொண்டுவந்தார். க்ளிக். மருந்துக்கடைக்காரரின் சரக்குப் பெட்டி. க்ளிக். கடைசியாக, மரச்சாமான் கடைக்காரரின் கார்டு பெட்டி. அதுவும் க்ளிக்.

தலைவர் சுவிட்சைத் திருப்பினார்.

ரயில் கிளம்பியது. வயலைக் கடந்தது, பாலத்தில் ஏறியது, வாத்தியாரின் குகைக்குள் நுழைந்து மறுபக்கம் தலைகாட்டியது. ஒரு பெட்டிகூடத் தடம் புரளவில்லை. டாக்டர் பயத்தையெல்லாம் மறந்து, குழந்தை மாதிரி கை தட்டினார்.

முழுச் சுற்று முடித்து, ரயில் தலைவரின் எதிரே வந்து நின்றது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இதுக்கு நீலம்தான் எடுப்பு, டாக்டர்."

டாக்டர் இன்ஜினைக் கையால் மறைக்கப் பார்த்தார். "தலைவரே, அந்த மேஜை..."

"என்னோடதுதான். டீ குடிக்கப் போனேன், கரண்ட் போச்சு. திரும்பி வந்து பார்த்தா, தண்டவாளம் மட்டும்தான் மிச்சம்!"

கூடத்தில் யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. அக்கா முந்தானை நுனியைத் திருகினாள். வாத்தியார் கூரையை ஆராய்ந்தார்.

தலைவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஒவ்வொருவரையும் முதல்முறையாக அதன் வழியாகவே பார்த்தார். அடக்க முடியாமல் சிரித்துவிட்டார்.

"ஒரு கிளப் ஆரம்பிச்சா, எடுத்தவங்க எப்படியும் வந்துடுவீங்கன்னு தெரியும். ஆனா, எடுக்காதவங்க ஒருத்தர்கூடச் சேரலையே!"